முழக்கத்தைக் கண்டவர்கள்: யூத மறைஞானத்தின் வழியே சீனாய் மலையை அணுக ஒரு கையேடு

யூத மறைஞான மரபான கபாலாவைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் போய் நிற்பது ஒரு வரைபடத்தின் முன்னால்தான். பத்து வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். நானும் அங்கேதான் தொடங்கினேன். கேதெர், ஹோக்மா, பினா என்று பத்துப் பெயர்களையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கக் கற்றேன். வாய்ப்பாடு வந்துவிட்டது, போடுவதற்குக் கணக்குத்தான் இல்லை.

கணக்கு வசனத்தில் இருக்கிறது என்று தெரியப் பல மாதங்கள் ஆயின. வேதத்தைப் படித்துக்கொண்டு போகும்போது ஏதோ ஒரு சொல்லில் கால் இடறுகிறது. மற்றவர்கள் எழுந்து நடந்துவிடுகிறார்கள். யூத மறைஞானிகள் இடறிய இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வரைபடம், அப்படி உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் குறிப்பு மொழி.

ஆகவே இந்தக் கையேடு ஒரே நிகழ்வை எடுத்துக்கொள்கிறது: சீனாய் மலையில் தோரா, அதாவது கடவுள் மோசே வழியாகத் தந்த போதனை, அருளப்பட்டது. எபிரேயத்தில் மத்தான் தோரா. எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தமிழ் வேதாகமம், ஒரு பென்சில், இணைய இணைப்பு, நான்கைந்து மாலைகள், கடைசியில் ஓர் இரவு. இவை போதும்.

முதல் படி: உரையில்லாமல் படியுங்கள்

யாத்திராகமம் 19, 20, 24 ஆகிய அதிகாரங்களையும் உபாகமம் 5ஐயும் இரண்டு முறை படியுங்கள். பத்துக் கட்டளைகள் 20இல் வருகின்றன என்பதால் நேரே அங்கே தாவிவிடாதீர்கள். மறைஞானிகளுக்குப் பிடித்தமான அதிகாரம் 19. மூன்று நாள் ஆயத்தம், துவைத்த ஆடை, மலையைச் சுற்றி எல்லை, புகை, நெருப்பு, நேரம் ஆக ஆக ஓங்கும் ஊதலொலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். எபிரேயப் பதிப்புகளில் வசன எண்கள் சில இடங்களில் மாறும். யாத்திராகமம் 20இன் பிற்பகுதியிலும் உபாகமம் 5இலும் மூன்று நான்கு எண்கள் முன்பின்னாக இருக்கும். தேடியது கிடைக்காவிட்டால் சற்று மேலே பாருங்கள். அடுத்து, தமிழில் ‘எக்காளம்’ என்று படித்ததும் மனத்தில் பித்தளைக் கருவி ஒன்று வந்து நிற்கும். அதைத் துடைத்துவிடுங்கள். மூலத்தில் இருப்பது ஷோஃபார், ஆட்டுக்கடாக் கொம்பு.

இரண்டாம் படி: இடறும் இடங்களுக்குக் கோடு போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பழைய தமிழ் வேதாகமம் நல்ல மொழிபெயர்ப்பு. நல்ல மொழிபெயர்ப்பு என்பதால் மேடுபள்ளங்களை நிரவியிருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த மேடுபள்ளங்கள்.

19:2இல் இஸ்ரவேலர் மலைக்கு எதிரே பாளயம் இறங்கினார்கள் என்று பன்மையில் படிப்பீர்கள். எபிரேயத்தில் அந்த வினை ஒருமை: ‘இறங்கினான்’. வழியெல்லாம் முணுமுணுத்துச் சண்டையிட்டு வந்த கூட்டம் அங்கே மட்டும் ஒரே மனிதனாக, ஒரே இதயத்தோடு இறங்கியது என்று பழைய உரை சொல்கிறது.

19:17இல் ‘மலையின் அடிவாரத்தில்’ நின்றார்கள். எபிரேயச் சொல்லை அப்படியே எடுத்தால் ‘மலைக்குக் கீழே’. இதை அடுத்த படிக்கு வைத்துக்கொள்வோம்.

24:7இல் ‘செய்து, கீழ்ப்படிந்து நடப்போம்’ என்கிறார்கள். மூலத்தில் இரண்டே சொற்கள்: ‘நஅசே வெநிஷ்மா’, செய்வோம், கேட்போம். கேட்டபிறகு செய்வதுதானே முறை? என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே செய்வதாக ஒப்புக்கொள்கிற இந்தத் தலைகீழ் வரிசைக்காக, தேவதூதர்கள் இறங்கி வந்து ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு கிரீடங்கள் சூட்டினார்கள் என்கிறது யூத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூத். செய்வதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. பிறகு மக்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கியதும் அவை கழற்றப்பட்டன.

20:18இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிரவாமல் விட்டுவிட்டார். ஜனங்கள் இடிமுழக்கங்களையும் எக்காளச் சத்தத்தையும் ‘கண்டார்கள்’. சத்தத்தை எப்படிக் காண்பது? இரண்டாம் நூற்றாண்டில் இரண்டு ரபீக்கள், அதாவது யூத சமய ஆசான்கள், இதில் மாறுபட்டார்கள். காண வேண்டியதைக் கண்டார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், அவ்வளவுதான் என்றார் ரபீ இஷ்மயேல். கேட்க வேண்டியதையே கண்டார்கள் என்றார் ரபீ அகிவா. மறைஞான மரபு அகிவாவின் பக்கம் நிற்கிறது.

உபாகமம் 5:22இல் மகா சத்தம் ‘ஒன்றும் கூட்டாமல்’ பேசியதாக இருக்கிறது. மூலச்சொல்லை இரண்டு விதமாகப் படிக்க இடமுண்டு. ‘அதற்குமேல் தொடரவில்லை’ என்பது ஒன்று. பழைய அராமிக் மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ் எடுத்துக்கொண்டது மற்றொன்று: ‘நிற்கவேயில்லை’. ஒரே சொல்லிலிருந்து எதிரெதிரான இரண்டு பொருள்கள். சத்தம் அன்றோடு முடிந்ததா, இன்னும் ஒலிக்கிறதா? கபாலா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. உபாகமம் 29:14-15ஐயும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே நின்றவர்களோடு மட்டுமல்ல, அன்று அங்கே இல்லாதவர்களோடும் உடன்படிக்கை என்று வருகிறது. இனிப் பிறக்கவிருந்த ஆன்மாக்களும் மலையடியில் நின்றன என்று மித்ராஷ் என்ற ரபீக்களின் பழைய வேத விளக்கம் சொல்கிறது.

மூன்றாம் படி: தல்மூதில் ஒரே ஓர் ஏடு

புதியவர்கள் வேதத்திலிருந்து நேரே கபாலாவின் தலைமை நூலான ஸோஹருக்குத் தாவுகிறார்கள். நடுவில் ஒரு பாலம் இருப்பது தெரிவதில்லை. பாபிலோனியத் தல்மூதில் ‘ஷப்பாத்’ என்ற பகுதியின் 88ஆம் ஏட்டை இரண்டு பக்கமும் படியுங்கள். செஃபாரியா என்ற இணையதளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மணி நேரம் போதும்.

மலைக்குக் ‘கீழே’ நின்றார்களே, அதன் விளக்கம் இங்கே இருக்கிறது. கடவுள் மலையைப் பெயர்த்து ஒரு பெரிய தொட்டியைக் கவிழ்ப்பதுபோல அவர்கள் தலைக்குமேல் பிடித்தார்: ஏற்றுக்கொண்டால் நல்லது, இல்லையென்றால் இதுவே உங்கள் கல்லறை. மிரட்டி வாங்கிய சம்மதம் செல்லுமா என்று தல்மூதே உடனே ஆட்சேபிக்கிறது. வேதத்தின் பெருமையைச் சொல்லவந்த இடத்தில் இப்படி ஒரு வக்கீல் வாதத்தை எழுப்பும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தில் ஹபாத் மரபைத் தொடங்கிய ஷ்னேயூர் ஸல்மான் இதே தொட்டியை வேறு விதமாகப் படித்தார்: மேலிருந்து கவிழ்ந்தது அளவு கடந்த அன்பு. அந்த வெள்ளத்தின் அடியில் மறுக்க யாராலும் முடியாது. அதனாலேயே அது அவர்களுடைய சொந்தச் சம்மதம் ஆகாது.

அதே ஏட்டின் பின்பக்கம் இன்னும் கடுமையானது. ஒவ்வொரு வாக்கு வெளிப்பட்டபோதும் மக்களின் உயிர் பிரிந்தது. இறந்தோரை எழுப்புவதற்கென வைத்திருந்த பனியைத் தெளித்து மறுபடி உயிர்ப்பித்தார். ஒவ்வொரு வாக்குக்கும் அவர்கள் 12 ‘மில்’ (மைலைவிடச் சிறிய பழைய தூர அளவு) பின்னே போனார்கள். குழந்தைக்கு நடை பழக்குவதுபோலத் தேவதூதர்கள் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள்.

அங்கேயே தொடங்கி அடுத்த ஏட்டில் முடியும் இன்னொரு கதை. மோசே மேலே போனதும் தூதர்கள் எதிர்க்கிறார்கள்: இந்தப் புதையலை மனிதர்களுக்கா கொடுப்பது? மோசே ஒவ்வொரு கட்டளையாக எடுத்துக் கேட்கிறார். நீங்கள் எகிப்தில் அடிமைப்பட்டீர்களா? உங்களுக்குத் தாய் தகப்பன் உண்டா? வேலை செய்கிறீர்களா, ஓய்வு வேண்டுமா? உங்களுக்குள் பொறாமை உண்டா? தூதர்கள் வாயடைத்துப் போகிறார்கள். குறை உள்ளவர்களுக்காகத்தான் தோரா என்ற இந்த வாதத்தை நோட்டில் குறித்துவையுங்கள். ஹசிதிய ஆசான்கள் திரும்பத் திரும்ப இங்கே வருவார்கள்.

நான்காம் படி: இப்போது வரைபடம், அதிலும் ஏழு மட்டும்

அந்தப் பத்து வட்டங்களும் இறைமையின் பத்து வெளிப்பாடுகள்; செஃபிரோத் என்று பெயர், ஒருமையில் செஃபிரா. பத்தையும் ஒரேயடியாகக் கற்க வேண்டாம். கீழுள்ள ஏழையும் கற்க ஒரு நாட்காட்டியே இருக்கிறது. பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி 49 நாட்களை யூதர்கள் எண்ணுகிறார்கள். ஓமர் எண்ணிக்கை என்று பெயர். 50ஆம் நாள் ஷாவுவோத், வாரங்களின் பண்டிகை. தமிழ்க் கிறித்தவர்கள் பெந்தெகொஸ்தே என்று அறிந்திருப்பது இதே நாள் கணக்கில் பிறந்த பெயர்தான். எகிப்திலிருந்து புறப்பட்ட மக்கள் மலையை அடைவதற்கு ஏழு வாரம். கபாலா வாரத்துக்கு ஒரு செஃபிராவை வைத்தது. ஹெசெத் என்ற அருள், கெவுரா என்ற கண்டிப்பு, திஃபெரெத் என்ற இசைவு, நெட்ஸாஹ் என்ற விடாப்பிடி, ஹோத் என்ற பணிவு, யெஸோத் என்ற அடித்தளம், மல்கூத் என்ற அரசு. ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் ஏழும் மறுபடி வரும். முதல் நாள் அருளுக்குள் அருள், இரண்டாம் நாள் அருளுக்குள் கண்டிப்பு, இப்படியே போனால் 33ஆம் நாள் ஹோத்துக்குள் ஹோத். அன்று கலிலேயாவின் மெரோன் மலையில் இரண்டாம் நூற்றாண்டு ஆசான் ரபீ ஷிமோன் பார் யோஹாயின் கல்லறையில் பெருங்கூட்டம் கூடும்.

அருளுக்குள் கண்டிப்பு என்றால் என்ன? பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு டப்பாவை மேல்தட்டில் வைப்பது. நாளுக்கு ஓர் உதாரணத்தை உங்கள் வீட்டிலிருந்தே எழுதிப் பாருங்கள். 49 நாள் செய்தால் வரைபடம் தானாக மனத்தில் பதியும்.

இந்த ஏழில் சீனாய்க் கதைக்கு இன்றியமையாதவை இரண்டு. திஃபெரெத் மணமகன். மல்கூத் மணமகள், அவளுக்கு ஷெகினா என்றும் பெயர், உலகத்தில் குடியிருக்கும் இறைப் பிரசன்னம். ‘அப்படியானால் இது சக்தி’ என்று நம்மவர்களுக்கு வாய்வரை வரும். எனக்கும் வந்தது. ஒட்டவைக்க அவசரப்படாதீர்கள். ஷெகினா தன் மக்களோடு நாடு கடந்து போகிறவள், அவர்களோடு அழுகிறவள். அந்தக் குணம் புரிவதற்கு முன் ஒப்பிட்டால் இரண்டும் மங்கிவிடும்.

ஐந்தாம் படி: ஸோஹரில் மூன்று இடங்கள்

ஸோஹர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில் வெளிவந்தது. மரபு அதை ஷிமோன் பார் யோஹாய்க்கு உரியதாகச் சொல்கிறது. கெர்ஷோம் ஷோலெம் முதலான ஆய்வாளர்கள் 1305இல் இறந்த மோஷே தெ லியோனை முதன்மை ஆசிரியராகக் கண்டார்கள். டேனியல் மாட் தொடங்கிவைத்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2004 முதல் 2017 வரை 12 தொகுதிகளாக வந்தது. பயப்படாதீர்கள், நமக்கு மூன்றே இடங்கள்.

முதலாவது, மூன்றாம் பாகம் 152அ (152ஆம் ஏட்டின் முன்பக்கம்). தோரா வெறும் கதை சொல்ல வந்தது என்று எண்ணுபவனுக்கு ஐயோ என்கிறார் ரபீ ஷிமோன். கதைதான் வேண்டுமென்றால் இன்றைக்கு நாமே இதைவிட நல்ல கதை எழுதிவிடலாம்! கதைகள் ஆடை, கட்டளைகள் உடல், அதற்குள் ஆன்மா. இரண்டாவது, இரண்டாம் பாகம் 99அ. மாளிகைக்குள் ஒளிந்திருக்கும் அழகி, தெருவில் காத்திருக்கும் காதலனுக்கு மட்டும் ஒரு நொடி கதவைத் திறந்து முகம் காட்டி மறைகிறாள். தோரா அப்படிக் காட்டும் என்கிறது. இந்த இரண்டும் எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது, முதல் பாகம் 8அ. இதுதான் ஷாவுவோத் இரவு. விடிந்தால் மணமகள் பந்தலுக்குள் நுழைய வேண்டும்; அன்றிரவு தோழர்கள் அவளோடு இருந்து அலங்கரிக்கிறார்கள். தோராவிலிருந்து தீர்க்கதரிசிகளுக்கு, அங்கிருந்து மற்ற எழுத்துகளுக்கு, பிறகு விளக்கங்களுக்கு என்று படித்துக்கொண்டே போவதுதான் அலங்காரம். காலையில் மணமகன், அவளை அலங்கரித்தவர்கள் யார் என்று பெயர் பெயராக விசாரிக்கிறார்.

இங்கே நடந்திருப்பதைக் கவனியுங்கள். சீனாய் ஒரு திருமணம் என்பது பழைய எண்ணம். தோரா அருளப்பட்ட நாளே ‘மணநாள்’ என்று தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா சொல்கிறது. அந்தத் திருமணத்தில் மணமகன் கடவுள், மணமகள் இஸ்ரவேல். ஸோஹரோ திருமணத்தை இறைமைக்குள்ளேயே நடத்துகிறது. இஸ்ரவேலர் மணமகளாக இருந்த இடத்தை விட்டு, மணமகளுக்குப் பூச்சூட்டும் தோழர்களாகிறார்கள். அவர்கள் உட்கார்ந்து படிக்காவிட்டால் மணமகள் அலங்காரமின்றிப் பந்தலுக்குப் போவாள். இத்தனை பெரிய பொறுப்பை மனிதன் கையில் கொடுப்பதுதான் கபாலாவின் துணிவு.

எபிரேய வேதத்தில் 24 நூல்கள். (நீங்கள் அறிந்த 39 பழைய ஏற்பாட்டு நூல்களும் அவையே, பிரிக்கும் கணக்கு வேறு.) மணமகளுக்கு 24 நகைகள் என்பது மித்ராஷ். அந்த நகைகளின் பட்டியல் ஏசாயா 3இல் மூக்குத்தி, மோதிரம், சுட்டி என்று நீள்கிறது. அங்கே தீர்க்கதரிசி அவற்றையெல்லாம் கடவுள் உரித்தெடுப்பார் என்று சாபமிடுகிறார். ரபீக்கள் அதே நகைகளை எடுத்து மணமகளுக்குப் பூட்டிவிட்டார்கள்.

ஆறாம் படி: ஓர் இரவு விழித்திருங்கள்

இந்த இரவு ஸோஹரின் பக்கத்திலிருந்து வாழ்க்கைக்குள் வந்தது 16ஆம் நூற்றாண்டில். பின்னாளில் யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கை எழுதப்போகும் யோசேஃப் காரோவும் அவருடைய நண்பர் ஷ்லோமோ அல்காபெட்ஸும், 1530களில் ஒட்டோமான் நாட்டில் ஒரு ஷாவுவோத் இரவு சிலரோடு உட்கார்ந்து படித்தார்கள். திடீரென்று காரோவின் வாய்வழியே வேறொரு குரல் பேசியது. விழுந்து கிடந்த என் கிரீடத்தை எடுத்தீர்கள், பத்துப் பேராக வந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கலாம் என்ற கருத்தில் அது பேசியதாக அல்காபெட்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மறுநாள் இரவு பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இஸ்ரவேல் நாட்டுக்குப் புறப்படுங்கள் என்றது குரல். இருவரும் பிறகு கலிலேயாவின் ஸஃபேத் நகரில் குடியேறினார்கள். சட்டப் புத்தகம் எழுதியவர் சாமியாடினார் என்பதை நம்ப மறுத்தவர்கள் உண்டு. அந்தக் குரலோடு பேசியதைக் காரோவே நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்.

படிப்பதற்கான நிரல் நூலுக்குத் திக்குன் என்று பெயர். ஒவ்வொரு வேதநூலிலும் தொடக்கமும் முடிவும், மிஷ்னாவின் பகுதிகளிலும் அப்படியே, பிறகு ஸோஹரிலிருந்து, கடைசியில் தோராவில் இருப்பதாக மரபு எண்ணும் 613 கட்டளைகள். திக்குன் என்பதற்கு அலங்காரம் என்றும் சீர்திருத்தம் என்றும் பொருள். அலங்காரம் ஸோஹரின் விளக்கம். மற்ற விளக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஜெப ஆலயத்தில் கலந்துகொள்ள விரும்பினால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். பல நகரங்களில் இந்த இரவு வகுப்புகள் வெளியாருக்கும் திறந்திருக்கும். பண்டிகை நாளில் மரபுவழி யூதர்கள் எழுதமாட்டார்கள், போனைத் தொடமாட்டார்கள். நோட்டையும் போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2026இல் ஷாவுவோத் மே 21 மாலை தொடங்குகிறது.

வீட்டில் என்றால் தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராக உட்காருங்கள். முன்னிரவில் ஆதியாகமத்தின் தொடக்கம், யாத்திராகமம் 19, 20. நள்ளிரவுக்கு முன் ரூத்தின் கதை. பண்டிகைக்கு உரிய வாசிப்பு அது. நள்ளிரவுக்குப் பின் தூக்கம் அழுத்தும். அந்த நேரத்துக்குத் தல்மூதின் 88ஆம் ஏட்டை வையுங்கள், விவாதிக்க ஆள் இருந்தால் தூக்கம் ஓடிவிடும். பால் பலகாரம் பண்டிகை வழக்கம். காபியும் உதவும், கபாலாவின் நள்ளிரவு வழிபாடுகள் பரவியதற்கும் ஒட்டோமான் நகரங்களில் காபி பரவியதற்கும் தொடர்பு உண்டு என்று எழுதிய வரலாற்றாசிரியரே இருக்கிறார்.

விடியலுக்கு முந்தைய கடைசி மணி நேரத்துக்கு ஒன்றே ஒன்று. பத்துக் கட்டளைகளில் முதல் இரண்டில் கடவுள் ‘நான்’ என்று பேசுகிறார்; மூன்றாவதிலிருந்து ‘கர்த்தருடைய நாமம்’ என்று படர்க்கைக்கு மாறிவிடுகிறது. தமிழிலேயே சரிபார்க்கலாம். ஆகவே மக்கள் நேரடியாகக் கேட்டது இரண்டு மட்டும், மீதி மோசே வழியாக என்கிறது தல்மூத். எபிரேய எழுத்துகள் எண்களாகவும் நிற்கும்; தோரா என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 611. இரண்டைச் சேர்த்தால் 613. பின்னாளில் 1815இல் மறைந்த ரிமனோவின் ஹசிதிய ஆசான் மெனாஹெம் மெண்டல் இதை இன்னும் குறைத்தார். மக்கள் கேட்டது முதல் வாக்கின் முதல் சொல்லான ‘அனோகி’யின் முதல் எழுத்து மட்டும் என்றார். தமிழில் ‘கர்த்தர் நானே’ என்று அந்த ‘நான்’ வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கிறது. எபிரேயத்தில் அதுதான் தொடக்கம், அதன் தொடக்கம் அலெஃப். நம் அகரத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அகரம் ஒலிக்கும். அலெஃபுக்குத் தனக்கென ஒலியே இல்லை. வாயைத் திறந்து, பேசுவதற்கு முன் தொண்டையில் நிகழும் அசைவு அது. அந்த வேளையில் பறவை கூவவில்லை, மாடு கத்தவில்லை, கடல் அசையவில்லை என்ற மித்ராஷையும் இங்கே சேர்த்துப் படியுங்கள். பிறகு பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம்.

வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

நாற்பது வயதுக்குமுன் கபாலா படிக்கக் கூடாதாமே? அப்படி ஒரு வழக்கம் உண்டு. இந்த இரவுக்கு இன்றைய வடிவம் கிடைக்கக் காரணமானவர்களில் முதன்மையான ஸஃபேத்தின் இட்ஸ்ஹாக் லூரியா 1534இல் பிறந்து 1572இல், 38 வயதில் மறைந்தார். கபாலா என்று சொல்லிச் சிவப்புக் கயிறு கட்டிப் பணம் கேட்பவர்களிடம் போவதற்கு மட்டும் எந்த வயதும் சரியில்லை.

நடுவில் தூங்கிவிட்டால்? திக்குனின் இரண்டாவது பொருளான சீர்திருத்தம் இதற்குத்தான். இந்த இரவு விழிப்பதற்கு 17ஆம் நூற்றாண்டில் போலந்து ரபீ அவ்ரஹாம் கோம்பினர் மித்ராஷிலிருந்து ஒரு காரணம் காட்டினார்: மலையடியில் காத்திருந்த மக்கள் அன்று காலை எழவேயில்லை. இரவு குறுகியது, தூக்கம் இனித்தது, ஒரு தெள்ளுப்பூச்சிகூட அவர்களைக் கடிக்கவில்லை. இறங்கி வந்தவர் காத்திருக்க, மோசே கூடாரம் கூடாரமாகப் போய்த் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.